இழையாத சந்தனம்

சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்த இரண்டாவது கடிகாரத்தில் மதியம் பன்னிரண்டரை. காரைக்குடியில் அப்போதுதான் பால் வந்திருந்தது.

அந்தக் கடிகாரம் மெல்போர்ன் நேரத்தில் ஓடுகிறது. தேனம்மை விமானம் ஏறிய வாரம் மெய்யநாதன் வாங்கி மாட்டியது. மகன் ஆதித்தனுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, மருமகள் தீக்ஷாவுக்குக் கூடமாட ஆள் வேண்டும், மூன்று மாதம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் அவள் போனாள். அந்தப் பிள்ளை இப்போது வீடு முழுக்க ஓடுகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. இங்கே மதியம் ஆனதும் கூப்பிடுவாள்.

போன வெள்ளி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவளை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆதித்தன் விண்ணப்பம் போடப் போகிறான். போடட்டுமா, வேண்டாமா?

"நீங்க என்ன சொல்றீக?"

"அடுத்த வெள்ளி சொல்றேன்" என்று மெய்யநாதன் போனை வைத்துவிட்டார்.

வந்துவிடு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காலமெல்லாம் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவருக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. அவரையும் அங்கே கூப்பிட்டார்கள். போய் ஒரு மாதம் இருந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அடுத்த வீட்டு நாயைப் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது. திரும்பி வந்துவிட்டார்.

மேசையில் ஈரத்துணி விரித்திருந்தது. அதன்மேல் கல்.

உள்ளங்கை அகலம். ஒரு சாண் நீளம். மேல்பாதி எண்ணெய்ப் பிசுக்கேறிய மஞ்சள், கீழ்ப்பாதி கத்தரிக்காய் ஊதா. ஒரு மூலை உடைந்திருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் சந்தனக்கல். கல்யாணமான நாளிலிருந்து தேனம்மை வெள்ளிக்கிழமை காலையில் அதில்தான் சாமிக்குச் சந்தனம் இழைத்தாள். அவள் போன பிறகு அவர் இழைத்தார்.

சந்தனம் வரவே இல்லை. கட்டையை மாற்றிப் பார்த்தார். பன்னீர் விட்டுப் பார்த்தார். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். நகத்தில் எடுக்கிற அளவுகூடத் தேறவில்லை. கடைசியில் கடையில் டப்பா சந்தனம் வாங்கிவிட்டு, கல்லைப் பழைய சாமான் கடை மாயக்கண்ணனிடம் எடுத்துப் போனார். அது போன வாரம்.

மாயக்கண்ணன் கல்லைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சந்தனக்கல்லு சொரசொரன்னு இருக்கணும் சார். இது குழந்தை கன்னம் மாதிரி இருக்கு. இதுல கத்தி தீட்டலாம், சந்தனம் வராது. எந்த ஊர்க் கல்லுன்னு கேட்டா எனக்குத் தெரியாது." மடக்கு சவரக்கத்தி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இதையும் கொண்டு போங்க. தீட்டிப் பாத்துட்டுக் குடுங்க. காது அறுந்தா நான் பொறுப்பில்ல."

அன்று முதல் மெய்யநாதனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

சவரக்கத்தி வைத்துச் சவரம் செய்கிறவர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. கல்லைப் படம் பிடித்துப் போட்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் பதில் எழுதினார். எடை பார். மேல்முகத்தில் அழுக்கு அடைந்திருக்கிறது, நடுவில் பள்ளமும் தெரிகிறது, தேய்த்துச் சமமாக்கு. நிஜ நிறம் தெரிந்த பிறகு பேசலாம்.

எடை பார்ப்பது அவருக்குத் தெரிந்த காரியம். சமையலறைத் தராசில் கல்லை நிறுத்தார். பிறகு அதே தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, கல்லை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் உள்ளே தொங்கவிட்டார். ஏறிய எடையை வைத்துக் கணக்குப் போட்டார். தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். மறுபடி போட்டார். அதேதான். கருங்கல் அந்த அளவுக்கு வராது. சிலேட்டுக் கல்லும் வராது.

இன்று தேய்ப்பு வேலை.

தேய்க்கச் சமதளம் வேண்டும். வீட்டுக்குத் தரை போட்டபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் ஒன்று சாமான் அறையில் கிடந்தது. கண்ணாடியின்மேல் வார்ப்பதால் அதன் முகம் மட்டமாக இருக்கும். அதன்மேல் உப்புத்தாளை நனைத்து ஒட்டினார். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டார். கவிழ்த்து வைத்துத் தேய்த்தார்.

ஓரத்துக் கோடுகள் உடனே போய்விட்டன. நடுவில் இருந்தவை போகவில்லை. நல்ல பள்ளம். இத்தனை வருடம் சந்தனம் இழைத்ததில் விழுந்தது என்று நினைத்தார். தாளை மாற்றினார். மஞ்சளாகப் பால்போலத் தண்ணீர் வழிந்து முற்றத்துச் சாக்கடைக்குப் போயிற்று. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தேய்த்தார்.

அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் கேட்கிற சத்தம்தான். கூடத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சாமி அறையிலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். ஏறி இறங்கி, ஒரே சீராக. நீண்ட பூஜை என்று நினைத்துக்கொள்வார். அவள் போன பிறகு வீட்டில் குறைந்தது என்ன என்று யோசித்தபோது முதலில் ஞாபகம் வந்தது இந்தச் சத்தம்தான்.

கடைசிக் கோடும் போயிற்று. கல்லைக் கழுவினார். பிசுக்கெல்லாம் போய் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. படம் பிடித்து அனுப்பினார்.

ஸ்காட்லாந்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. உடனே பதில் வந்தது. சந்தேகமே இல்லை. பெல்ஜியம் நாட்டு மலையில் வெட்டுகிற கல். கோட்டிக்கூல் என்று பெயர். மஞ்சளும் ஊதாவும் பூமிக்குள்ளேயே ஒட்டிப் பிறந்தவை. கோமேதக இனத்து மணிகள் பொடிப்பொடியாக உள்ளே இருக்கின்றன. இரும்பைத் தீட்டுவது அவைதான். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் சவரக்கத்திக்கு இதைத்தான் வாங்கினார்கள். பத்திரமாக வைத்துக்கொள்.

மெய்யநாதன் கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டார். மாயக்கண்ணன் தந்த கத்தியை விரித்து, முதுகும் வாயும் ஒருசேரப் படிய வைத்துத் தள்ளினார். புரட்டி இழுத்தார். வெகுநேரம் தீட்டினார். பிறகு முன்கையில் ஒரு தடவு தடவினார். சோப்பு இல்லை, சத்தம் இல்லை. முடி போன இடம் சுத்தமாக இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். பிறகு யாராவது பார்த்தார்களா என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

மதியம் தேனம்மையிடம் சொல்ல வேண்டும். இத்தனை வருசம் சாமிக்கு நீ சவரக்கல்லில் சந்தனம் இழைத்திருக்கிறாய் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆயிற்று. சிரித்து முடித்து மூச்சு வாங்கும்போது சொல்லிவிடலாம். வந்துவிடு. அந்த இடத்தில் சொன்னால் சொன்னது மாதிரியே இருக்காது.

"அத்தான்! வாசக்கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. கள்ளன் வந்தா என்ன செய்வீக?"

தேனம்மையின் தம்பி வயிரவன். ஒக்கூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். கையில் தூக்குவாளியோடு உள்ளே வந்தார்.

"வந்தா நல்லதுதான். உக்காரவச்சுக் காப்பி குடுப்பேன்" என்றார் மெய்யநாதன். "ஒக்காரு வயிரவா."

"கள்ளன் ஓடிப்போயிருவான், உங்க காப்பிக்கு." வயிரவன் தூக்குவாளியை மேசையில் வைத்தார். "வெள்ளைப் பணியாரம். சூட்டோட தின்னுருங்க. பிள்ளையார் நோன்பு வருதுல்ல, அதுக்குத்தான் கூப்பிட வந்தேன். இந்த வருசம் நம்ம வீட்டுக்கு வந்துருங்க."

"பாப்போம்."

"என்னத்தப் பாக்குறது? போன வருசம் என்ன செஞ்சீக?"

"இழை எடுத்துக்கிட்டேன்."

"யாரு எடுத்துக் குடுத்தா?"

நோன்பு அன்று மாவில் இழை என்கிற நூல்திரியைச் செருகி ஏற்றி, வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சுடரோடு வாங்கி வாயில் போட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம். ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஒருவர் கை வாங்க வேண்டும்.

"நானே எடுத்துக்கிட்டேன்" என்றார் மெய்யநாதன்.

வயிரவன் பேச்சை மாற்றினார். "கையில என்ன, முடியெல்லாம் போயிருக்கு? வெந்நி ஊத்திக்கிட்டீகளா?"

மெய்யநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கதையை முதலிலிருந்து சொன்னார். தராசு, தண்ணீர், ஸ்காட்லாந்து, பெல்ஜியம். சொல்லிக்கொண்டே கல்லைத் துணியோடு எடுத்து நீட்டினார்.

"இத்தனை நாளா இதைச் சந்தனக்கல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோம் வயிரவா!"

வயிரவன் சிரிக்கவில்லை. கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கல்லை வாங்கினார். உடைந்த மூலையைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மேல்முகத்தைத் தடவினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. திரும்பவும்.

"பள்ளம் எங்க அத்தான்?"

"தேச்சு எடுத்துட்டேன். சமமா இருந்தாத்தானே கத்தி படியும்?"

"எப்ப?"

"இப்பத்தான். காலையில."

வயிரவன் கல்லை மேசையில் வைத்தார். பணியாரத் தூக்கின் மூடியைத் திறந்தார். மூடினார்.

"இது எங்க அப்பச்சி கல்லு அத்தான்."

வயிரவனின் அப்பாவான தன் மாமனாரை மெய்யநாதன் பார்த்ததில்லை. முத்தப்பன் என்ற பெயரையும் ஒரு போட்டோவையும் தெரியும். பினாங்கில் கடையில் இருந்தவர். தேனம்மை பத்தாவது படிக்கும்போது இறந்துபோனார்.

"பினாங்குல இருந்து வந்தப்பக் கொண்டாந்தாக. ஊருல எல்லாருக்கும் வீட்டுக்கு ஆளு வந்து சவரம் பண்ணிவிடும். அப்பச்சி மட்டும் தானே பண்ணிக்குவாக. கத்தி தீட்டுறப்ப ஆச்சிதான் பக்கத்துல உக்காந்து கல்லுக்குத் தண்ணி விடும். சொட்டுச் சொட்டா விடணும். நான் விட்டா ஊத்திருவேன்னு என்னயக் கிட்டயே சேக்க மாட்டாக." ஆச்சி என்று அவர் சொன்னது தன் அக்காள் தேனம்மையை. "அப்பச்சி போனப்பறம் கத்தி எங்குட்டுப் போச்சுன்னு தெரியல. கல்ல மட்டும் ஆச்சி எடுத்து ஒளிச்சு வச்சிருச்சு. கல்யாணச் சாமானோட சாமானா இங்க கொண்டு வந்துருச்சு. எங்க ஆத்தாவுக்கே தெரியாது."

மெய்யநாதனுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. இதே கூடத்தில்தான் பெண் வீட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், பீங்கான், மரவை. அவருடைய தாயார் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்று கல்லை எடுத்தார். சந்தனக்கல்லு, வெளிநாட்டுச் சரக்குபோல இருக்கே என்றார். நேரே சாமி அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

புதுப்பெண் தூணோரம் நின்றிருந்தாள். அவள் எப்படிச் சொல்வாள்? கல்யாணச் சாமானில் சவரக்கல். அதுவும் சாமி அலமாரியில் ஏறிவிட்ட பிறகு.

ஒரு மாதம் கழித்துத் தாயார் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஒக்கூர்ப் பெண்ணுக்குச் சந்தனம் இழைக்கக் கை வலுவில்லை.

"ஒரு தீவாளிக்கு நான் வந்திருந்தேன்" என்றார் வயிரவன். "சாமி அறையில உக்காந்து இதுல இழைச்சுக்கிட்டு இருக்கு. என்னய நிமிந்து பாத்துச்சு. நான் வாயத் தொறக்கல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"உங்ககிட்டயா?" என்ற வயிரவன் அதற்கு மேல் போகவில்லை.

மெய்யநாதன் கல்லைத் தொட்டார். "அந்தப் பள்ளம்..."

"அப்பச்சி கத்தி பட்டுப் பட்டு விழுந்தது. சந்தனத்துல எங்க விழுகும், அதான் இழையவே இழையாதே? சின்னப்பிள்ளையில ஆச்சி கட்டவெரல அதுல வச்சுக்கிட்டே உக்காந்திருக்கும்."

முற்றத்தில் தண்ணீர் வழிந்த இடம் காய்ந்து மஞ்சளாகக் கோடு கட்டியிருந்தது.

எழும்போது வயிரவன் சொன்னார். "ஆச்சிக்கிட்டச் சொல்லாதீக அத்தான். எதுக்குச் சொல்லிக்கிட்டு? அது இங்க வந்து பாக்கவா போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. "வந்தாப் பாத்துக்கலாம்னு சொன்னேன்" என்று அவசரமாகத் திருத்தினார். "பணியாரத்தத் தின்னுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கூட்டர் சத்தம் தெருக்கோடி திரும்பி மறைந்தது. மெய்யநாதன் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பணியாரத்தில் ஒன்றைத் தின்றார். ஆறிப்போயிருந்தது. கல்லை எடுத்துக்கொண்டுபோய்ச் சாமி அலமாரியில் வைத்தார். அங்கே வைப்பது சரியா என்று தெரியவில்லை. திரும்ப எடுத்துவந்தார். மேசையில் வைத்தார். துணியால் மூடினார்.

வயிரவன் சொன்னபடி பேசாமல் இருந்துவிடலாம். பள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கல்லைப் பற்றியே பேச வேண்டாம். ஆனால் அவரிடம் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை.

போன் அடித்தது. தேனம்மை படத்தில் வந்தாள். பின்னால் வெளிச்சமான சமையலறை. பேரன் எங்கோ எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"சாப்டீகளா?"

"ஆச்சு."

"என்ன சாப்டீக?"

"வயிரவன் வெள்ளைப் பணியாரம் கொண்டாந்தான்."

"அது பலகாரம். சோறு வச்சீகளா இல்லையா?"

"வச்சேன்" என்று பொய் சொன்னார். "நோன்புக்குக் கூப்பிட்டுட்டுப் போனான்."

"போயிட்டு வாங்க. இங்கயும் நம்ம ஆளுக சேர்ந்து ஒரு ஹாலு பிடிச்சிருக்காக. ஆதித்தன் கூட்டிட்டுப் போறேங்கறான்." கொஞ்சம் நிறுத்தினாள். "திங்கக்கிழமை அந்த விண்ணப்பத்தப் போட்ரணுமாம். என்ன சொல்றீக?"

மெய்யநாதன் மேசையைப் பார்த்தார். துணிக்கு அடியில் கல்லின் வடிவம் தெரிந்தது.

"தேனம்மை, சாமி அறையில அந்தக் கல்லு..."

"எந்தக் கல்லு?"

"சந்தனக்கல்லு."

அவள் முகம் அசையவில்லை. பின்னால் திரும்பி, "தம்பி, தட்டாத" என்றாள். தட்டும் சத்தம் நின்றது.

"அதுக்கென்ன?"

"அது சவரக்கத்தி தீட்டுற கல்லு. பெல்ஜியத்துக் கல்லு. எடை பாத்துக் கண்டுபிடிச்சேன்."

"ம்."

"உனக்குத் தெரியும்."

"வயிரவன் சொன்னானா?"

"நான் கண்டுபிடிச்சேன். அப்புறந்தான் அவன் சொன்னான். உங்க அப்பச்சி கல்லுன்னு."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். சேலைத் தலைப்பில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள். இப்போதாவது அவள் சிரிப்பாளா என்று அவர் பார்த்தார்.

"எடுத்துக் காட்டுங்களேன்" என்றாள். "பாத்து நாளாச்சு."

வயிரவன் சொன்னது காதில் ஒலித்தது. படத்தில் பள்ளம் தெரியாது. தூரத்தில் பிடித்தால் எதுவும் தெரியாது. அவர் துணியை விலக்கினார். கல்லை எடுக்கவில்லை.

"தேனம்மை, நான் அதைத் தேச்சுட்டேன். சமமாக்குனாத்தான் எந்த ஊர்க் கல்லுன்னு தெரியும்னு சொன்னாக. நடுவுல இருந்த பள்ளம் சந்தனத்துல விழுந்ததுன்னு நெனச்சேன்."

அவள் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"பூராவுமா?"

"பூராவும்."

போன் உறைந்துவிட்டதோ என்று நினைத்தார். இல்லை. அவள் பின்னால் தீக்ஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனாள். சமையலறை விளக்கு அணைந்தது. தேனம்மை அதே இடத்தில் இருந்தாள்.

"நீ சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன்" என்றார் மெய்யநாதன். "ஏன் சொல்லல? ஆத்தாகிட்டச் சொல்ல முடியாது, சரி. என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. கேட்டதை யோசித்துப் பார்ப்பவள்போல் இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை தவறாம உக்காந்து இழைச்சேன்" என்றாள். "நீங்க கூடத்துல பேப்பர் படிப்பீக. நீங்க படிச்சு முடிச்சு மடிச்சு வைக்கிற வரைக்கும் நான் இழைச்சுக்கிட்டு இருப்பேன். ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு நாளாவது எந்திரிச்சு வந்து கேட்டிருக்கீகளா?"